ஆமையின் நத்தை ஓடு

கோடை முற்றியதும் ஒரு காட்டுக் குளத்தின் உயிர்கள் கூடி, கிடைத்த இரையை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தன. அளந்து கொடுக்கும் பொறுப்பு ஆமைக்கு வந்தது.

ஆமை ஒரு காலி நத்தை ஓட்டைத் தூக்கிக் காட்டியது.

"ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் ஒரு ஓடு, கீரை ஒரு ஓடு, புழு ஒரு ஓடு! நூறு வருஷமாக நான் இந்த அளவில்தான் வாழ்கிறேன். அளவென்றால் அளவு!"

அந்த நூறு வருஷமும் அது ஒரே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது என்பதை யாரும் நினைக்கவில்லை. ஆமையும் நினைவூட்டவில்லை.

பொடிக்காலி என்ற உள்ளான் குருவிக்குத்தான் ஆபத்து. ஆறு நாளில் பௌர்ணமி. அன்று அதன் கூட்டம் வடக்கே மலைகளைத் தாண்டிப் பறக்கப் புறப்படும். பின்தங்கியவர்களுக்காக எந்தக் கூட்டமும் காத்திருப்பதில்லை.

பொடிக்காலி தினமும் குளத்தைப் பத்துச் சுற்றுப் பறந்து பழகும். இப்போது ஏழாவது சுற்றிலேயே சேற்றில் தொப்பென்று விழுந்தது.

"என்னக்கா, மலை வந்துவிட்டதா?" என்றது தவளை.

பொடிக்காலி சேற்றை உதறிக்கொண்டு நேராக ஆமையிடம் போனது.

"தாத்தா, எனக்கு இந்த அளவு போதாது!"

"ஒரு பிடிகூட இல்லை நீ! என்னில் பத்தில் ஒரு பங்கு தேறுவாயா? பேராசை!"

"உடம்பை மட்டும் அளக்கிறீர்களே, உழைப்பை யார் அளப்பது? நாளைக்குக் கரையை ஒரே ஒரு சுற்று நடந்து வாருங்கள். மூன்று ஓடும் சாப்பிட்டபின் 'போதும்' என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்!"

"இவ்வளவுதானே!" என்றது ஆமை.

விடியலில் கிளம்பிய ஆமை, பொழுது சாயும்போது வந்து சேர்ந்தது. தானியம் தீர்ந்தது. கீரை தீர்ந்தது. புழுவும் தீர்ந்தது. எல்லாரும் அதன் வாயையே பார்த்தார்கள். வாய் திறந்தது, 'போதும்' மட்டும் வரவில்லை.

"இன்னும் ஒரு ஓடு கீரை... இருக்குமா?"

"அளவென்றால் அளவு, தாத்தா!" என்று கத்தியது தவளை.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து வெளியே நீட்டியது.

"பொடிக்காலிக்கு இன்றுமுதல் மூன்று மடங்கு."

"மூன்று மடங்கும் புழுவாகவே கொடுங்களேன்!"

"அது நடக்காது! தானியமும் கீரையும் சேர்ந்துதான் மூன்று மடங்கு!"

"எனக்கு?" என்றது தவளை.

"கத்தியதைத் தவிர நீ என்ன செய்தாய்? உனக்குப் பழைய அளவே அதிகம்!"

பொடிக்காலி முகம் சுளித்தபடியே கீரையைத் தின்றது. மூன்றாம் நாள் எட்டுச் சுற்று. ஐந்தாம் நாள் பத்து. பௌர்ணமி மாலையில் கூட்டம் எழும்பியபோது, முன்வரிசையில் அதன் சிறகும் அடித்தது.

தன் வயிற்றைக் கொண்டு பிறர் பசியை அளக்காதே. அவரவர் உழைப்பே அவரவர் உணவுக்கு அளவு.