காத்தாயி வாங்கிக்கிட்ட கம்பு

ஒரு ஊர்ல ஒரு காத்தாயி இருந்தா. கடலோர ஊரு. ஊருக்கும் எதுத்தாப்புல இருக்கிற மணல்திட்டுக்கும் நடுவுல ஒரே சேறு. சும்மா சேறு இல்ல, புதைசேறு. ஆடு இறங்குச்சுன்னா 'ளபக்'! அப்புறம் ஆடு நின்ன இடத்துல ஒரு குமிழிதான் இருக்கும். ம் சொல்லு.

"ம்."

அந்தத் திட்டுலதான் மட்டிச் சிப்பி கிடைக்கும். கடல் தண்ணி வத்துன நேரம் பாத்து பன்னெண்டு பொம்பளைங்க கூடையோட வரிசையா நடந்து போவாங்க. தண்ணி திரும்ப ஏறுறதுக்குள்ள ஊருக்கு வந்துரணும். முன்னால போறவ கையில ஒரு நீளக் கம்பு. அவ கால் வச்ச இடத்துலதான் மத்தவங்க கால் வைக்கணும்.

அப்போ என்ன ஆச்சு, கம்பு புடிச்சு நடந்த அங்கம்மாளுக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்துருச்சு. வாயும் பேச வரல. எல்லாரும் கூடி, "காத்தாயிதான் தைரியசாலி, அவ சத்தம் போட்டா ஊருக்கே கேக்கும்"னு கம்பை அவகிட்ட குடுத்துட்டாங்க. அவளோ பன்னெண்டு வருசமா வரிசைக்கு நடுவுல பேச்சும் சிரிப்புமா போய்ட்டு வந்தவ, ஒருநாளும் வழியைப் பாத்ததே இல்ல. ஆனா அதைச் சொல்ல வெக்கம். வாங்கிக்கிட்டா.

மொத நாளு. சளக்... சளக்... பாதி தூரத்துல அவ காலே முட்டிவரைக்கும் 'ளபக்'! பின்னால இருந்தவ புடிச்சு இழுத்துட்டா.

அப்போ வரிசையில கடைசி ஆளு வேம்பு குரல் குடுத்தா. அவ அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ரெண்டே வருசம். பத்துப் பேர் மிதிச்சுக் கொழகொழன்னு ஆன வழியில நடக்கிறவ, அதனால ஒவ்வொரு அடியும் பாத்துத்தான் வைப்பா.

"மதினி, பளபளன்னு மின்னுற சேறு வேண்டாம். நண்டு வளை இருக்கிற கெட்டி மண்ணுப் பக்கமா போங்க."

"நேத்து வந்தவ எனக்கு வழி சொல்றியா? பேசாம வா."

ரெண்டாந்தடவை போனப்போ, செவந்தின்னு ஒருத்தி இடுப்புவரைக்கும் உள்ள போய்ட்டா. கத்தக்கூட முடியல, வாயைத் தெறந்து தெறந்து மூடுறா. நாலு பேரு முந்தானையை முடிச்சுப் போட்டு, இழு இழுன்னு இழுத்து வெளிய எடுத்தாங்க. செவந்திக்கு ரெண்டு நாள் பேச்சே வரல. ஏன் இப்படி ஆச்சுன்னு மத்தவங்க கேட்டதுக்கு, "சேறு இடம் மாறிருச்சு"ன்னு சொன்னா காத்தாயி. பொய். அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்கல.

"ஏன் உண்மையச் சொல்லல?"

வெக்கம் ராசாத்தி, வெக்கம்.

அப்புறம் மூணாந்தடவை. திட்டுலேருந்து திரும்பி வர்றாங்க. எங்கேருந்தோ பனிமூட்டம் வந்து மூடிருச்சு. ஊரும் தெரியல, திட்டும் தெரியல. அப்போ பின்னால ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்ஸ்... தண்ணி ஏறுது! சீக்கிரமாவே ஏறுது. காத்தாயி நின்னுட்டா. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பத்துப் பேரும் அவ முதுகையே பாக்குறாங்க. தண்ணி கணுக்காலுக்கு வந்துருச்சு.

அவ திரும்பினா. "எனக்கு வழி தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல"ன்னா.

 ஒருத்தி 'ஐயோ'ன்னு அழுதா.

"வேம்பு, முன்னால வா. கம்பைப் புடி."

"மதினி, எனக்கும் பாதிதான் தெரியும்."

"எனக்கு அதுவும் தெரியாதே. புடிடி."

வேம்பு முன்னால போனா, காத்தாயி கடைசிக்குப் போனா. தண்ணிக்கு அடியில நண்டு வளை தெரியாதுல்ல? வேம்பு கம்பால குத்தி, கால் விரலால தடவித் தடவிப் போறா. தண்ணி முட்டிக்கு வந்துச்சு, தொடைக்கு வந்துச்சு. திடீர்னு காத்தாயி கால் 'ளபக்'! பின்னால புடிக்க ஆளில்ல. முன்னால போன செவந்தி திரும்பிப் பாத்தா. கையை நீட்டினா. இழுத்தா. இடுப்பளவு தண்ணியில பதினோரு பேரும் கரை ஏறினாங்க.

மறுநாள் கம்பை வேம்பு கையிலயே குடுத்துட்டு, "நான் கடைசியில நடக்கிறேன்"னுட்டா காத்தாயி. சிலபேரு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டா. ஒன்றரை வருசம் கடைசியிலதான் நடந்தா. "ஏட்டி, இங்க ஏன் சுத்திப் போற? இந்த அழுகல் வாடை எதுக்கு வருது?"ன்னு வேம்புகிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சா. எத்தனையோ தடவை புதைஞ்சா, எந்திரிச்சா.

அப்புறம் வேம்பு புள்ளத்தாச்சி ஆனா. "இனி நீங்க முன்னால போங்க மதினி"ன்னா.

"இன்னும் பயமா இருக்குடி."

"எனக்கும் தினம் பயமாத்தான் இருந்துச்சு."

காத்தாயி ஒம்போது பேரோட முன்னால போனா. மழைக்காலம் முடிஞ்ச சமயம், சேறு அங்கங்க மாறிக் கெடந்துச்சு. பாதி வழியில சட்டுனு நின்னா. "இந்த இடம் எனக்குத் தெரியல. யாருக்காச்சும் தெரியுதா?"

யாருக்கும் தெரியல.

"அப்போ திரும்புவோம்."

வெறுங்கூடையோட திரும்பினாங்க. ஒருத்தியும் முணுமுணுக்கல. பத்தடி கூட போயிருக்க மாட்டாங்க, அவங்க நின்ன இடத்துக்கு அந்தாண்ட, 'குபுக்'! மாட்டுத் தலை பெருசுக்கு ஒரு குமிழி வந்து உடைஞ்சுச்சு.

காத்தாயி திரும்பிப் பாக்கல. கம்பை ஊனி ஊனி நடந்தா. ஒம்போது பேரு கால் சத்தமும் அவ பின்னாலயே வந்துச்சு. சளக்... சளக்... சளக்...

அவங்க எல்லாரும் வீடு சேந்தாச்சு, கதையும் கரையேறியாச்சு. கண்ணை மூடு ராசாத்தி.