எட்டுக் கைத் துப்பாக்கி

நாலு பேருடைய வலது கைகளும் ஒரே துப்பாக்கியின் பிடியில் இருந்தன. இடது கைகளுக்கு இடம் போதவில்லை.

“ஒருத்தர் பிடிச்சாப் போதும்யா” என்றார் துப்பாக்கிக் கடை லாசர்.

“நீங்க சொல்லுவீங்க” என்றான் ஒச்சப்பன். நால்வரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அவன்தான். “தாலுகாக் கச்சேரியில கொடுத்த லைசென்ஸ் சீட்டுல என்ன எழுதியிருக்கு? கட்டாரிப்பட்டி வேட்டைக்காரர் நால்வரும் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். நால்வரும்! ஒருத்தன் மட்டும் பிடிச்சா மத்த மூணு பேரும் பிடிக்காத குத்தம் ஆயிரும்.”

லாசர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவர். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நால்வரில் அவசரமெல்லாம் சீனிச்சாமிக்குத்தான். அவன் பெண்டாட்டி அங்கம்மா கோபித்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவன் கண் கொட்டாமல் பார்த்தான். பொங்கியதைப் பார்த்தான், வழிந்ததைப் பார்த்தான், அடுப்பு அணைந்ததையும் பார்த்தான். இவ்வளவு அக்கறையாகப் பார்த்த பிறகும் அவள் ஏன் போனாள் என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. ராத்திரி மட்டும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிடுவான்.

கூப்பிடப் போனவனை மாமனார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைத் திரும்ப அழைக்கிறவன் காட்டுப்பன்றித் தொடையோடு படியேற வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பன்றி கரட்டுமலையில் இருந்தது. மாமனார் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மலை உச்சியில் போன மாதத்திலிருந்து கரடி இருந்தது.

பன்றிக்கு வேலும் வலையும் போதும், கரடிக்குத்தான் துப்பாக்கி. நீளத் துப்பாக்கி புதரில் மாட்டிக்கொள்ளும், கரடி மேலே விழுந்தால் திருப்ப வராது, இடுப்பில் செருகுகிற கைத்துப்பாக்கிதான் தோது என்று சொன்னதும் லாசர்தான். இப்போது அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மூன்று துப்பாக்கிகளை எடுத்துப் பலகையில் வைத்தார்.

“இந்தச் சின்னது கரடிக்கு உதவாது. எறும்பு கடிச்ச மாதிரிச் சொறிஞ்சிட்டு மேல வரும்.”

“எவ்வளவு நேரம் சொறியும்?” என்று கேட்டான் மொக்கையன். கணக்கில் அவன் புலி.

“அது எனக்கு எப்படிய்யா தெரியும்?”

“தெரியாமத்தான் விக்கிறீங்களா?”

சின்னது தள்ளுபடியானது.

“இந்த நடுவாந்தரம் பரவாயில்ல. வர்ற கரடியை நிறுத்திரும்.”

எதையும் சந்தேகப்படுகிற சடையாண்டி தொண்டையைக் கனைத்தான். “மேல இருக்கிறது ஒத்தையடிப் பாதை. அதுல கரடியை நிறுத்திட்டா நாம எங்கிட்டுப் போறது? ஓடுற கரடியாவது ஒதுங்கிப் போகும்.”

நடுவாந்தரமும் போயிற்று.

மூன்றாவது, ஆள் முழங்கையளவு இருந்தது. “இது பெரிய குண்டு. கரடி மண்டையைப் பிளந்திரும். ஆனா பார்த்துக்கங்க, சுட்டா சுட்டவனையே ரெண்டடி பின்னால தள்ளும்.”

“ரெண்டடியா?” மொக்கையனின் முகம் மலர்ந்தது. விரல்களை மடக்கினான். “எத்தனை குண்டு போடும்?”

“ஆறு.”

“ஆறு ரெண்டு பன்னிரண்டு. கரடி பக்கத்துல வந்தா அங்கன இருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கொண்டாந்து விட்டுரும். நாம ஓடவே வேண்டாம். இதைக் கொடுங்கய்யா!”

லாசர் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். கடைசியில், “ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிங்க. கரடி பத்துக் காலடி தூரத்துக்கு வர்ற வரைக்கும் சுடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினார். அப்போது காலை பத்து மணிதான்.

இரண்டு கை என்றால் நாலு பேருக்கு எட்டுக் கை. பிடியோ ஒரு சாண். ஊர் வந்ததும் ஏரிலிருந்து நீளமான ஏர்க்காலைக் கழற்றி அதன் நுனியில் துப்பாக்கியை வைத்துக் கட்டினார்கள். ஆளுக்கு இரண்டு கை தாராளமாகக் கொண்டது. விசையை அழுத்தத்தான் யாருக்கும் கை மிச்சமில்லை. அதில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சீனிச்சாமியின் பல்லில் கொடுத்தார்கள். வேலும் வலையும் பிடிக்கவும் கை இல்லாததால் அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பினார்கள்.

மலைமேல் பாதை வளைகிற இடங்களில் ஏர்க்கால் வளையவில்லை. இரண்டு புதரை வெட்டவேண்டியிருந்தது. வெட்டக் கை இல்லாததால் புதருக்குள்ளேயே புகுந்து போனார்கள். வழியில் எதிர்ப்பட்ட பன்றிகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன.

உச்சியில் கரடி இருந்தது. புற்றுக்குள் மூக்கை விட்டுக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இவர்கள் வந்த சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தது. பிறகு நடந்து வர ஆரம்பித்தது.

“பத்துக் காலடி” என்று ஞாபகப்படுத்தினான் ஒச்சப்பன்.

“யாரு காலடி?” என்றான் சடையாண்டி. “நம்ம காலா, அது காலா?”

“வர்றது அது. அதோட காலடிதான்.”

“அதுக்கு நாலு கால் இருக்கே.”

“அப்ப பத்தை நாலால வகுக்கணும்” என்றான் மொக்கையன். “ரெண்டரை.”

“அரை அடியை எந்தக் காலால வைக்கும்?”

இது நியாயமான கேள்விதான். யோசித்தார்கள். கரடி யோசிக்காமல் வந்தது.

சீனிச்சாமி திடீரென்று பல்லிலிருந்த கயிற்றைத் துப்பினான். “நில்லுங்கடா! இங்கன நின்னு சுட்டா நம்மளை எங்கிட்டுத் தள்ளும்?”

“பின்னால. நம்ம ஊருப் பக்கம்.”

“அங்கம்மா இருக்கிறது முன்னால! பன்னிரண்டு அடி அவளை விட்டு விலகிப் போகவா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்? ஏற்கெனவே ரெண்டு மாசம் விலகி இருந்துட்டேன்டா.” அவன் குரல் உடைந்தது.

மற்ற மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. நட்பு என்றால் அதுதான். ஏர்க்காலைத் தூக்கி, கரடிக்கு முதுகைக் காட்டி, துப்பாக்கியைச் சொந்த ஊர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். சீனிச்சாமி கயிற்றைக் கவ்வி இழுத்தான்.

லாசர் பொய் சொல்லவில்லை. வெடித்த வெடியில் நாலு பேரும் மொத்தமாகப் பின்னால் பறந்தார்கள். இப்படி முதுகு காட்டி மேலே வந்து விழுகிற மனிதர்களைக் கரடி அதுவரை பார்த்ததில்லை. பாதையை விட்டுத் தாவி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது.

அந்தப் பக்கம் சரிவு. நால்வரும் உருண்டார்கள். ஆனால் எட்டுக் கையில் ஒரு கைகூட ஏர்க்காலை விடவில்லை, சீட்டு அப்படி. கயிறு பல்லிலேயே இருந்ததால் வழியில் இன்னும் இரண்டு தரம் வெடித்தது. அதில் வேகம் கூடியது.

நின்ற இடம் மாமனார் வீட்டு முற்றம்.

மாமனார் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கதவோரம் அங்கம்மா நின்றாள். சற்று இளைத்திருந்தாள். அப்போதுதான் சீனிச்சாமிக்குத் தொடைக்கறி ஞாபகம் வந்தது. கயிற்றைக் கவ்வியபடியே தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தன் துக்கத்தைத் தெரிவித்தான்.

“வெறுங்கையாப் படியேறக் கூடாது” என்றான் ஒச்சப்பன், மற்றவர்களிடம். “மரியாதையாத் திரும்பிப் போயிருவோம்.”

“ஊரு மலைக்கு அங்கிட்டு. அப்ப முகம் இங்கிட்டு இருக்கணும்” என்றான் மொக்கையன்.

நாலு பேரும் முறையாக அணிவகுத்து, துப்பாக்கியை மாமனார் வீட்டுக்கு நேராக நீட்டினார்கள்.

மாமனார் கையிலிருந்த புளி கீழே விழுந்தது. “மாப்ளே… என்ன இது?”

சீனிச்சாமி, “ம்ம்” என்றான்.

“ஒண்ணுமில்ல மாமா” என்றான் ஒச்சப்பன் பணிவாக. “நீங்க கேட்டதைக் கொண்டுவரல. அதான் இப்படிச் செய்யிறோம். கொஞ்சம் அசையாம நில்லுங்க, உங்களை வச்சுத்தான் குறி பார்க்கிறோம். நீங்க நகர்ந்தா நாங்க கோணலாகி வேற ஊருக்குப் போயிருவோம்.”

மாமனார் இரண்டு கைகளையும் மெல்ல மேலே தூக்கினார். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று கண்டு சீனிச்சாமி பயபக்தியோடு தலை குனிந்தான். கயிறு இழுபட்டது. திண்ணையில் இருந்த மோர்ப்பானை வெடித்து முற்றமெல்லாம் மோர் ஓடியது.

“ரெண்டடி” என்றான் மொக்கையன் திருப்தியாக, எழுந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பியபடி.

“அங்கம்மா!” மாமனார் குரல் கிறீச்சிட்டது. “துணியை எடுத்து மூட்டை கட்டு! கூட்டிட்டுப் போங்கய்யா! இப்பவே!”

“அது எப்படி மாமா?” என்றான் சடையாண்டி. “பன்றித் தொடை இல்லாம? வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?”

துப்பாக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் கையை இறக்காமலேயே உள்ளே ஓடி, பரணில் காய்ந்துகொண்டிருந்த பன்றித் தொடையைத் தலைமேல் தூக்கியபடி வந்தார். ஏர்க்காலில் மாட்டினார். நால்வரும் அதைச் சுமந்து முறைப்படி நாலடி முன்னால் வந்து படியேறினார்கள்.

“கட்டாரிப்பட்டிச் சீர், வாங்கிக்கங்க மாமா” என்றான் ஒச்சப்பன்.

மாமனார் ஒரு கையை மட்டும் இறக்கி வாங்கிக்கொண்டார். வழக்கம் நிறைவேறியது. சீனிச்சாமியின் கண்ணில் நீர் நிற்கவில்லை.

அங்கம்மா மூட்டையோடு வந்து அவன் முன்னால் நின்றாள். “கயித்தைத் துப்பு. வாயால பேசு.”

துப்பினான். “வா” என்றான்.

“இந்த ஒரு சொல்லுக்கா இவ்வளவு பெரிய துப்பாக்கி?”

“சின்னதுக்குக் கரடி சொறியுமாம்.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கிளம்பினார்கள். முகம் மாமனார் வீட்டைப் பார்க்க, ஏர்க்காலை நேராக நீட்டிப் பிடித்து, பின்னால் பின்னால் அடி வைத்து மலையை நோக்கிப் போனார்கள்.

“எத்தனை குண்டு பாக்கி?” என்றான் சடையாண்டி.

“ரெண்டு. நாலடி” என்றான் மொக்கையன். “இப்பச் செலவு பண்ண வேண்டாம். உச்சிக்குப் பக்கத்துல ஏத்தம் கடுமையா இருக்கும், அங்க வச்சுக்குவோம்.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அங்கம்மா துணி மூட்டையைத் துப்பாக்கி முனையில் தொங்கவிட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.