சோடாக்காரர் திரும்பி வந்த நாள்

சிற்றாற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டப் போகிறவர் அதற்கு முந்தின நாள், மனதில் மிச்சமிருக்கிற கேள்வியைக் குருவிடம் கேட்டுவிட வேண்டும். கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு காவி கட்டக்கூடாது. எனக்குக் கேள்வியே இல்லை என்று சொல்பவரை அங்கே யாரும் நம்புவதில்லை. அவரை இன்னும் ஒரு வருடம் மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

தனுஷ்கோடிக்கு அந்த நாள் வந்தது.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பையன்களை வெயிலில் நிற்க வைத்தவரால் கொஞ்ச நேரம் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. தியானத்தின் நடுவே அவருடைய முட்டி சத்தம் போடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள். ஆடி மாதம், பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். இப்போது தை பிறக்கப் போகிறது.

குரு ஞானாம்பாள் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். மடத்தில் எல்லோருக்கும் அம்மா. தனுஷ்கோடிக்கும் அம்மாதான். ஆனால் அம்மா அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். சீடனை சார் என்று கூப்பிடும் குரு வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

“ஊரே சார்னு கூப்பிட்ட ஆளை நான் மட்டும் வேற என்னன்னு கூப்பிட?” என்று சிரிப்பார்.

அன்று முற்பகலில் சமையற்கட்டுக்குப் பின்னால், கிணற்றடி நிழலில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி வந்து விறைப்பாக நின்றார்.

“உக்காருங்க சார். இந்தக் கொத்தை எடுத்துக்குங்க.”

அவர் உட்கார்ந்தார். முட்டி பேசியது. இருவரும் கொஞ்ச நேரம் கீரை உருவினார்கள்.

“வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?”

“நேத்து போன்ல சொல்லிட்டேம்மா. நாளைக்குக் காவி கட்டுறேன்னு.”

“வீட்டம்மா என்ன சொன்னாங்க?”

“ராஜாமணி ஒண்ணும் கேக்கலை. சரின்னா. உடம்பைப் பாத்துக்குங்கன்னா. அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மனைவி தடுக்காமல் விட்டது தன்னுடைய கொடுப்பினை என்று மடத்தில் பலரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“அங்க கூட யாரு இருக்கா?”

“மக கல்யாணமாகி ஓசூர்ல இருக்கா. ராஜாமணி மட்டுந்தான்.”

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“சரி. கேள்வியைக் கேளுங்க.”

தனுஷ்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆன்மா, பிறவி என்று ஏதோ வரப்போகிறது என்றுதான் அம்மா நினைத்திருக்க வேண்டும்.

“எங்கப்பா ஏன் வீட்டை விட்டுப் போனாருன்னு தெரியணும்மா.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“அதை எங்கிட்டயா கேக்குறீங்க?”

“அவர்ட்ட கேக்காம விட்டுட்டேனே. இப்ப அவரும் இல்லை. எங்கம்மாவும் இல்லை. இனி யார்ட்டப் போய்க் கேக்க?”

“எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க.”

அதற்குத்தான் அவர் இவ்வளவு வருடம் காத்திருந்தார் போல. விறைப்பெல்லாம் போய்விட்டது.

அருப்புக்கோட்டையில் சோடாக்கார சங்கரலிங்கம் என்றால் தெரியாதவர் இல்லை. கம்பெனி என்று பெயர்ப் பலகையில் இருக்கும். உள்ளே போனால் ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றும் ஒரு மிஷின், கேஸ் சிலிண்டர், அடுக்கடுக்காகப் பாட்டில் பெட்டிகள். முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். பாட்டில் வெடித்து வெடித்து இடது கையில் வெள்ளைத் தழும்புகள். சட்டையில் எப்போதும் பன்னீர் எசன்ஸ் வாசனை. அவர் தெருவில் நுழைந்தாலே கல்யாண வீடு நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

“லீவு நாள்ல என்னை சைக்கிள் முன்கம்பில உக்கார வெச்சுக்குவாரும்மா. பின்னால பெட்டி. மேடு பள்ளம் வந்தா பாட்டில் எல்லாம் சேந்து கிலுகிலுங்கும். என் தலை அவர் தாடைல இடிக்கும். ‘தலையா கல்லாடா இது’ம்பாரு.”

“ம்.”

“மொத பாட்டிலை எனக்குத்தான் ஒடைப்பாரு. கட்டைவிரலால ஒரே அமுக்கு. கம்பெனி ஓனர் ருசி பாத்துச் சொல்லணும்லன்னு நீட்டுவாரு. நான் ஒரே மூச்சுல குடிச்சிருவேன். கேஸ் மூக்கு வழியா வரும், கண்ணுல தண்ணி வரும். அதைப் பாத்து சிரிப்பாரு. சத்தமே வராது. வயிறு மட்டும் குலுங்கும்.”

சொல்லும்போது தனுஷ்கோடியின் வயிறும் குலுங்கியது. அப்படியே அவர் அப்பாவைப் போல என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

“ஒடைஞ்ச பாட்டில் கோலியெல்லாம் எனக்கு. தெருவுல அத்தனை பசங்களும் எங்கிட்டத்தான் கடன் கேப்பானுங்க. ராஜா மாதிரி இருந்தேம்மா.”

“அப்புறம்?”

“தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி. பாட்டில் வாங்கப் போறேன்னு கிளம்புனாரு. சைக்கிள்கூட எடுக்கலை. வரவே இல்லை.”

கீரை உருவும் கை மெதுவானது. ஊர் என்னென்னவோ சொன்னதாம். கடன் என்றார்கள். வேறு குடும்பம் என்றார்கள். சாமியாராகப் போய்விட்டார் என்றும் ஒருத்தர் சொன்னார். தனுஷ்கோடியின் தாய் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே மிஷினைச் சுற்ற ஆரம்பித்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொள்வாள். அப்படியும் கண்ணாடி கீறும். பாதிக் கடைகள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டன. ஒரே பிள்ளை, தாயும் மகனுமாக எப்படியோ நாள் நகர்ந்தது.

“மாசி மாசம் திரும்பி வந்தாரு. விளக்கு வெச்சாச்சு. நான் கணக்கு எழுதிட்டிருக்கேன். வாசல்ல யாரோ நிக்குறாங்க. தாடி. மெலிஞ்சு போயிட்டாரு. எனக்கு அடையாளமே தெரியலை. கிட்ட வந்ததும் கருவாட்டு வாசனை. அருப்புக்கோட்டைல கடல் ஏதும்மா?”

“உங்கம்மா?”

“அடுக்களையிலேருந்து எட்டிப் பாத்தா. பாத்துட்டு, ‘கையைக் கழுவிட்டு வாங்க’ன்னா. தட்டு வெச்சா. அவரு உக்காந்து சாப்பிட்டாரு. மறுநாள் காலைல மிஷின் சத்தம் கேக்குது. அந்த ஞாயித்துக்கிழமை என்னைத் தூக்கி முன்கம்பில வெச்சாரு. நாள் போகப் போகக் கருவாட்டு வாசனை போயிருச்சு, பன்னீர் வாசனை வந்திருச்சு. எதுவுமே நடக்காத மாதிரி.”

“நீங்க கேக்கலையா?”

“கேக்கலை.”

“ஏன்?”

“மொதல்ல பயம்மா. கேட்டா மறுபடி போயிருவாரோன்னு. கொஞ்சம் பெரிசானதும் கோபம். இவர்ட்ட என்ன பேச்சுன்னு. எனக்கே கல்யாணமான பிறகு வெட்கம். வயசானவரை நிக்க வெச்சு அதைப் போயா கேக்குறதுன்னு. கடைசில ஆஸ்பத்திரில கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நானும் அவரும் மட்டும். நெனைவு நல்லா இருந்துச்சு. வாயைத் திறந்தேன். தலையணை சரியா இருக்காப்பான்னுதான் கேட்டேன்.”

சொல்லிவிட்டுக் கிணற்றைப் பார்த்தார்.

“இருக்குடான்னாரு. அவ்வளவுதான் பேசிக்கிட்டோம்.”

அம்மா இன்னொரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

“எங்களை வேண்டாம்னு போனாரா, இல்லை வேற எதையோ வேணும்னு போனாரா? அது எனக்குத் தெரியணும்மா. தியானத்துல கண்ணை மூடுனா சாமி வரமாட்டேங்குது. கருவாட்டு வாசனைதான் வருது.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். தனுஷ்கோடிக்கும் வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

“அவர் வந்த அன்னைக்கு வீட்ல என்ன சாப்பாடு?”

“எது?”

“அந்த மாசி மாசத்துல. தட்டு வெச்சாங்கன்னீங்களே.”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தாலும் பதில் சொன்னார். “கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நல்லா ஞாபகம் இருக்கு. சோத்தைப் பெசையாம அப்படியே அள்ளி அள்ளித் தின்னாரு. ரெண்டு தடவை வாங்கிக்கிட்டாரு.”

“நீங்க அதுக்கு முன்னாடியே சாப்பிட்டாச்சா?”

“நாங்க விளக்கு வெச்சதும் சாப்பிட்டுருவோம். மண்ணெண்ணெய் மிச்சம்னு.”

“அவருக்கு உங்கம்மா திரும்ப உலை வெச்சாங்களா?”

“இல்லையே. உடனே போட்டா.”

“சோறு எங்கேருந்து வந்துச்சு?”

“பானைல இருந்துச்சு.” தனுஷ்கோடி லேசாகச் சிரித்தார். “வீடுன்னா சோறு இருக்காதாம்மா?”

“கஷ்டமான நேரம். ரெண்டே பேரு. அதுல ஒண்ணு சின்னப் பிள்ளை. நீங்க சாப்பிட்ட பிறகும் ஒரு ஆம்பளை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுற அளவுக்கு இருந்துச்சா?”

“அன்னைக்கு எதோ கூட வடிச்சிருப்பா.”

“அவர் வரப்போறது தெரியுமா அவங்களுக்கு?”

“தெரியாது. எப்படித் தெரியும்?”

அவர் மறுபடி கீரையை எடுத்தார். ஒரு காம்பை உருவினார். அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா.”

“சொல்லுங்க சார்.”

“அவரு இல்லாத அந்த நாளெல்லாம் எனக்குக் காலைல பழைய சோறுதான்.”

தனுஷ்கோடி உருவின காம்பைக் கீழே போட்டார்.

“தெனமும். ஒரு நாள் தப்பாது. எனக்குப் பிடிக்காது. அதுக்கு முன்னாடி இட்லிக்கடையில வாங்கித் தருவாங்க. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டுட்டுக் கத்துனேன். ‘அளவா வடிக்கத் தெரியாதா உனக்கு, ஏன் தெனம் தெனம் மிஞ்சுது’ன்னு கத்துனேன். எங்கம்மா அடிப்பான்னு நெனைச்சேன். அடிக்கலை. ஒண்ணும் சொல்லலை. கொட்டுனதை அள்ளிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டு மோர் ஊத்துனா.”

தனுஷ்கோடி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

“அவர் பங்கையா நான் தின்னுக்கிட்டிருந்தேன்?”

பள்ளிக்கூடத்தையே ஒரு விசிலில் நிறுத்திய மனுஷன், முருங்கைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அறுபது வயதுக்கு மேல் பெற்ற தாய்க்காக அழுவது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், மூக்கெல்லாம் ஒழுகியது. ஞானாம்பாள் ஆறுதல் சொல்லவில்லை. அவர் மடியில் சிந்தியிருந்த கீரையை எடுத்து முறத்தில் போட்டார்.

வெயில் கிணற்று விளிம்புக்கு வந்துவிட்டது. தனுஷ்கோடி துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

“எங்கம்மாவும் அவர்ட்ட ஒண்ணும் கேக்கலைம்மா. நான் பயந்து கேக்கலை, அவளுக்கு அக்கறை இல்லை, அதனால கேக்கலைன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.”

“ம்.”

“ஆனா அவரு ஏன் போனாருங்கிறது அப்படியேதான் இருக்கு.”

“எனக்கும் தெரியலை சார்.”

“போகட்டும்மா.” நீளமாக மூச்சு விட்டார். “தெரியாமலே போகட்டும். சொன்னதே பெரிய பாரம் எறங்குன மாதிரி இருக்கு. இனிமே கண்ணை மூடுனா எனக்கு எந்த வாசனையும் வராது. நாளைக்கு நிம்மதியாக் கட்டிக்குவேன்.”

கொடியில் அவருக்கான காவி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். எழுந்துகொள்வதற்காகக் கையை ஊன்றினார்.

“நல்லது சார்,” என்றார் அம்மா. “உங்க கேள்வி முடிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணு இருக்கு. கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூசி போக ஒரு முறை புடைத்தார்.

“உங்க வீட்ல இப்பக் காலைல பழைய சோறு யாரு சாப்பிடுறாங்க?”