நொண்டிக்குதி

ஒரு காட்டில், விடிந்தால் போதும் குழந்தைகளே, எல்லா விலங்குகளும் புல்வெளியில் கூடிக் குதிக்கும். முன்னால் நின்று குதித்துக் காட்டுபவர் துள்ளப்பன் என்ற முயலார். அவர் எப்படிக் குதிக்கிறாரோ அப்படியே மற்றவையும் குதிக்கும். கேள்வியே கிடையாது!

யார் நலம் விசாரித்தாலும் துள்ளப்பனிடம் ஒரே பதில்தான். "எனக்கென்ன? ஜம்முனு இருக்கேன்!"

ஒருநாள் அவருடைய பின்னங்காலில் கருவேல முள் ஒன்று ஏறிவிட்டது. அம்மாடி, என்ன வலி! குனிந்து பார்த்திருக்கலாம். பார்த்தால் முள் இருப்பது உண்மையாகிவிடுமே! அதனால் அவர் பார்க்கவே இல்லை. அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு, தத்தித் தத்திப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, கால்ல என்ன?" என்று கேட்டது குரங்கு.

"காலா? எனக்கென்ன? ஜம்முனு இருக்கேன்! இது புதுசு. நொண்டிக்குதின்னு பேரு!"

அவ்வளவுதான், காடே நொண்ட ஆரம்பித்தது. குரங்கு நொண்டியது. கரடி நொண்டிக் குப்புற விழுந்தது. எழுந்து மறுபடியும் நொண்டியது. யானை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு திம் திம்மென்று குதித்ததில், நாவல் மரத்துப் பழமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

துள்ளப்பனின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அழுறீங்களா, அண்ணே?"

"சேச்சே! ஆனந்தக் கண்ணீர்!"

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து ஒரு நரி எட்டிப் பார்த்தது. யானையும் கரடியும் அதற்கு எதற்கு? கொழுகொழு முயல் ஒன்று நொண்டுகிறதே! நரிக்கு வாயெல்லாம் பல். ஒரே பாய்ச்சல்!

துள்ளப்பன் ஓடினார். ஓடினாரா? எங்கே ஓடுவது, தத்தினார்!

"பாருங்கப்பா! நரி துரத்தும்போதும் அண்ணன் நொண்டிக்குதியை விடலை! என்ன தைரியம்!" என்று கைதட்டியது குரங்கு. கரடி விழுந்து விழுந்து சிரித்தது. யானை தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தியது.

நரியின் மூச்சு வாலில் சுட்டது. செத்தோம் என்று நடுங்கிய துள்ளப்பன், பிறந்ததிலிருந்து முதல்தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார்: "டேய் துள்ளப்பா, நிஜமாச் சொல்லு, நீ நல்லா இருக்கியா?"

இல்லை! இல்லவே இல்லை!

"ஐயோ, நான் ஜம்முனு இல்லை! கால்ல முள்ளு! உயிர் போகுது! காப்பாத்துங்க!" என்று கத்தினார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. யானை நாலே எட்டில் வந்து, அவரைத் தூக்கித் தன் தலைமேல் உட்காரவைத்தது. பிறகு நரியின் தலைக்கு நேராக ஒரு காலைத் தூக்கியது.

"நீயும் நொண்டிக்குதி கத்துக்கிறியா, தம்பி?"

நரி மேலே பார்த்தது. அப்புறம் அது திரும்பிப் பார்க்கவே இல்லை, ஒரே ஓட்டம்!

குரங்கு முள்ளைப் பிடுங்கிப் போட்டது. "இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?" என்று கோபித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் அதே குரங்கு, "எப்படி இருக்கீங்க, அண்ணே?" என்று கேட்டது.

"இரு, பார்த்துச் சொல்றேன்" என்றார் துள்ளப்பன். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். காதைத் தடவிப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

அவர் செய்தால் காடே செய்யுமல்லவா? எல்லாம் தங்களைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டன.

"அட!" என்று அலறியது கரடி. "எனக்குப் பல் வலிக்குதுப்பா!"

நீதி: நலமா என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும், வந்த பதிலை மறைக்காமல் சொல்ல வேண்டும்.