இணையம் வராத கணினி

"தாயே, இந்தக் கம்ப்யூட்டர் என் உயிரை எடுக்குது" என்றார் தில்லைநாயகம்.

உமையாள் அம்மை ஆசிரமத்து வைத்தியசாலை வாசலில் உட்கார்ந்து தூதுவளை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் குரு. சீடரான தில்லைநாயகத்துக்கு அவரைவிட வயது கூட. பொறியாளராக இருந்து துறவுக்கு வந்தவர்.

"என்ன பண்ணுது?"

"லினக்ஸ்னு புது சிஸ்டம் ஏத்திட்டேன். எல்லாம் ஓடுது. வைஃபை மட்டும் வரலை. நாளைக்கு மலையிலேருந்து ஜனங்க நடந்து வருவாங்க. பட்டணத்துக் கண் டாக்டர் அங்கேருந்தே இதிலேதான் அவங்களைப் பார்க்கணும்."

"ஏன் வரலையாம்?"

"அதுக்கு டிரைவர்னு ஒரு மென்பொருள் வேணும். இணையத்துலதான் கிடைக்கும்."

"எடுத்துக்கிடுங்க."

"இணையம் வரவே அந்த டிரைவர் வேணுமே, தாயே!"

அம்மை இன்னொரு காம்பைக் கிள்ளினார்.

"வேற வழி?"

"இணையம் வர்ற ரவுட்டர்ல நேரா கேபிள் செருகினா டிரைவர் இல்லாமலே இணையம் வந்துடும். ரவுட்டர் கோதண்டம் அறையிலே இருக்கு."

"செருகவேண்டியதுதானே?"

தில்லைநாயகம் தரையைப் பார்த்தார். கோதண்டமும் ஆசிரமத்துச் சீடர்தான்.

"கிணத்து மோட்டாரை எரியவிட்டது யாருன்னு ஒரு பேச்சு வந்தது. அதிலேருந்து நாங்க பேசிக்கிறதில்லை."

"யார் எரியவிட்டது?"

"தெரியலை. அவர் முதல்ல பேசட்டும்னு இருக்கேன். அவரும் அப்படித்தான் இருக்கார்."

அம்மை எழுந்தார். உள்ளே போய் ஒயர்களை உருவினார். கணினிப் பெட்டியைத் தூக்கித் தில்லைநாயகத்தின் கைகளில் வைத்தார். மற்றதையெல்லாம் தாம் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி நடந்தார்.

தில்லைநாயகம் பின்னாலேயே போனார். பெட்டி கனத்தது.

கோதண்டத்தின் கதவு சாத்தியிருந்தது. அம்மை திரையையும் விசைப்பலகையையும் படியோரம் வைத்தார். கதவைத் தட்டவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

தில்லைநாயகம் நின்றார். தட்டுவதற்கு ஒரு கை இல்லை. பெட்டியைக் கீழே வைக்கலாம். வைத்தால் அப்படியே நழுவிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"கோதண்டம்."

கதவு திறக்கவில்லை. சற்று உரக்க மறுபடி கூப்பிட்டார்.

கதவு திறந்தது. கோதண்டம் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"கேபிள் வேணும்" என்றார் தில்லைநாயகம். "இங்கே வாசல்லயே வச்சுக்கிறேன்."

கோதண்டம் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல் வரைக்கும் எட்டாது. உள்ளே வாங்க."