முந்நூறு வாயாடிகளும் ஒரு மாட்டுக்காரியும்

மழை, மரங்களிடம் கேட்டுக்கொண்டு பெய்த காலம் அது. அந்தக் காலத்தில் மந்தைபுரம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே இரண்டே தொழில்கள். ஒன்று விலங்குகளைப் பழக்குவது, இன்னொன்று வாதம் பண்ணுவது.

இரண்டு தொழிலுக்கும் பெயருக்குப் பஞ்சமில்லை. யானையோடு நடந்தால் பாகன், ஆட்டின் பின்னால் நடந்தால் இடையன், குதிரையைத் தட்டிக்கொடுத்தால் குதிரைக்காரன். வாதம் பண்ணுகிறவனை அரசவையில் தர்க்கசிகாமணி என்பார்கள், சந்தையில் வழக்காடி என்பார்கள், எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நின்றால் விதண்டாவாதி என்பார்கள். வீட்டில் மட்டும் வெறும் வாயாடி!

அப்படி ஒரு வாயாடிதான் சடையப்பன். அவன் மனைவி காராயி, மாட்டுக்காரி. எந்த முரட்டு மாடும் அவள் கையில் அடங்கிவிடும். ஏன் தெரியுமா? முரண்டு பிடிக்கிற மாட்டை அவள் இழுக்கவே மாட்டாள். கயிற்றைத் தளர்த்திவிட்டு, அது போகிற பக்கமே நாலு அடி கூடவே நடப்பாள். ஐந்தாவது அடியில் மாடு தானாகத் திரும்பி அவளோடு வரும். கொட்டிலுக்கு வந்ததும் அதன் நெற்றியைத் தொட்டு, "இன்னிக்கு ரொம்பப் பாடுபட்டே சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் காட்டுவாள்.

சடையப்பன் சிரிப்பான். "மாட்டுக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா?" என்று ஆரம்பித்தால் சோறு ஆறும்வரை வாதம்தான்.

ஒருநாள் கறுப்பு மலையில் குதர்க்கநாதன் என்ற மந்திரவாதி கோட்டை கட்ட ஆரம்பித்தான். தண்டோரா போடச் சொன்னான். "என்னிடம் யாரும் மூன்று வாக்கியம் சொல்லலாம். மூன்றையும் நான் மறுத்துவிட்டால் சொன்னவர் விலங்காகி எனக்குக் கல் சுமக்க வேண்டும். ஒன்றையாவது மறுக்க முடியாமல் நின்றால், என் மந்திரமெல்லாம் என்னை விட்டுப் போகட்டும்!"

மந்தைபுரத்து வாயாடிகள் சும்மா இருப்பார்களா? சோறு தண்ணி இல்லாமல் ஓடினார்கள். போன ஒருவரும் திரும்பவில்லை.

"ஏங்க, போகாதீங்க" என்றாள் காராயி.

"போகக் கூடாதுன்னு நீ சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டுச் சடையப்பனும் போனான். அவனும் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மலையிலிருந்து சேதி வந்தது. கோட்டைக்குக் கடைசிக் கல் ஏறப் போகிறது. அது ஏறிவிட்டால் விலங்கானவர்கள் காலத்துக்கும் விலங்குதான்.

காராயி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தோளில் ஒரு கயிறு, கையில் ஒரு வாளி. கறுப்பு மலை ஏறினாள்.

அங்கே அவள் கண்ட காட்சியை என்னவென்று சொல்வேன்! காளை, எருமை, கழுதை, குதிரை என்று முந்நூறு விலங்குகள். கழுத்தெல்லாம் புண். வெயில் கொளுத்துகிறது. கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணீர் இறைத்து வைக்கத்தான் ஆளில்லை. காராயிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இறைத்தாள். ஒவ்வொன்றின் நெற்றியையும் தொட்டு, "ரொம்பப் பாடுபட்டே சாமி" என்று தண்ணீர் காட்டினாள்.

ஒரு செவலைக் காளை மட்டும் தண்ணீரில் வாய் வைக்காமல் அவள் முகத்தையே பார்த்தது. அதன் கண்ணில் நீர் வழிந்தது.

"குடிங்க" என்றாள் காராயி மெதுவாக. "நீங்கதான்னு எனக்குத் தெரியுது. முதல்ல குடிங்க."

"யாரடி அவள், என் விலங்குகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவள்?" குதர்க்கநாதன் மந்திரக்கோலோடு வந்து நின்றான். "நீ இடைச்சியா? உழத்தியா? இல்லை, வாதம் பண்ண வந்தவளா?"

"எப்படிக் கூப்பிட்டாலும் சரிதாங்க. மூணு வாக்கியம் சொல்ல வந்திருக்கேன்."

மந்திரவாதி வயிறு குலுங்கச் சிரித்தான். "முந்நூறு பண்டிதர்கள் தோற்ற இடம் இது! கேள். எல்லாரும் முதல் இரண்டு வாக்கியம் விதவிதமாகச் சொன்னார்கள். நான் மறுத்ததும் கோபம் வந்து, மூன்றாவதாக ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். 'நீ சொல்வது தப்பு!' என்றார்கள். 'இல்லை, சரி' என்றேன். வேலை முடிந்தது! எங்கே, நீ சொல்."

காராயி வானத்தைப் பார்த்தாள். "பகல்ல வெளிச்சமா இருக்கும்."

"இல்லை! கண்ணை மூடிக்கொண்டவனுக்குப் பகலும் இருட்டுதான்!"

வேறு யாராக இருந்தாலும் இங்கே மல்லுக்கு நின்றிருப்பார்கள். காராயி தலையை ஆட்டினாள். "அட, ஆமாங்க. நான் இதை யோசிக்கவே இல்லை."

மந்திரவாதி கொஞ்சம் நிமிர்ந்தான். அவனிடம் இதுவரை ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

"தண்ணி குடிச்சா தாகம் தீரும்" என்றாள் காராயி.

"இல்லை! கடல் தண்ணீரைக் குடித்துப் பார், தாகம் கூடும்!"

"அதுவும் உண்மைதாங்க. எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க!"

மந்திரவாதி இன்னும் நிமிர்ந்தான். மீசையை முறுக்கினான். செவலைக் காளை தரையைக் காலால் பறித்தது. அவளுக்கு மீதி இருப்பது ஒரே வாக்கியம். அதுவும் போனால் அவளும் கல் சுமக்க வேண்டியதுதான்.

காராயி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றது எல்லாமே சரிங்க. நீங்க ஒருநாளும் தப்பா சொன்னதே இல்லை."

"இல்லை!" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான் குதர்க்கநாதன். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. மறுக்க வேண்டுமானால், 'நான் சொன்னதும் தப்பாக இருக்கலாம்' என்று சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம்தான். பிறந்தது முதல் அவன் அதைச் சொன்னதில்லை.

"நான்..." என்றான். முகம் சிவந்தது.

"நான் சொன்னது..." என்றான். கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் சொன்னது த... த..." என்றான். வார்த்தை தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. வாய் திறந்தபடி நின்றுவிட்டான்.

படார்! மந்திரக்கோல் இரண்டாக முறிந்தது. கட்டிய கோட்டை பொலபொலவென்று சரிந்தது. கொம்பு உதிர்ந்தது, குளம்பு உதிர்ந்தது, வால் உதிர்ந்தது. முந்நூறு மனிதர்கள் எழுந்து நின்றார்கள்.

எல்லாரும் மந்திரவாதியை அடிக்கப் பாய்ந்தார்கள். காராயி குறுக்கே வந்தாள். "அவருக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்க. பாவம், தொண்டை அடைச்சுப் போச்சு" என்றாள். அவன் குடித்தான், தலை கவிழ்ந்தபடி மலை இறங்கிப் போனான்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். முந்நூறு வாயாடிகளும் வரிசையில் நின்று அவளைக் கும்பிட்டார்கள். அவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல்முறை! ராஜா சேதி கேட்டு, ஆற்றங்கரைப் புல்வெளி முழுவதையும் காராயிக்குத் தானமாகக் கொடுத்தார்.

சடையப்பனும் காராயியும் வீட்டுக்கு நடந்தார்கள். ஊர் எல்லை வந்ததும் அவன் நின்றான்.

"காராயி, உனக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

"என்னங்க இது! பொண்டாட்டிக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா? ஒண்ணும் வேண்டாம், நடங்க."

"அதெப்படி வேண்டாம்? சொல்லத்தான் வேணும்!" என்றான் சடையப்பன். "மூணு நாள் நாக்கு வறண்டு கிடந்தேன். மாடா நின்ன என்னையும் புருஷன்னு கண்டுபிடிச்சு, குடிங்கன்னியே. அதுக்குச் சொல்லணும். நீ தினமும் போட்ட சோத்துக்குச் சொல்லணும். இத்தனை வருஷம் சொல்லாம விட்டதுக்கும் சேர்த்துச் சொல்லணும்!"

"வேண்டாங்கறேன்ல?"

"வேணும்கறேன்ல?"

வீட்டுவாசல் வரைக்கும் வாதம் நடந்தது. கடைசியில் காராயி தோற்றாள். தோற்றுப்போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் அங்கே சுகமாக இருக்கிறார்கள், நாம் இங்கே சுகமாக இருப்போம்.