ஆமைத் துறைக்கு வந்த விளம்பரக்காரி

ஒரு காட்டாற்றின் இந்தக் கரையில் எலி, அணில், முயல் எல்லாம் குடியிருந்தன. அந்தக் கரையில் இலந்தை மரங்கள். நடுவில் ஆழமான தண்ணீர்.

அந்தத் துறையில் ஓடையப்பன் என்ற பெரிய ஆமை தொழில் செய்துவந்தார். அக்கரை போகிறவர்கள் அவர் முதுகில் ஏறிக்கொள்வார்கள். அவர் குலுங்காமல் நீந்திக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பழம் கூலி. அறுபது வருஷமாக இதுதான் நடைமுறை.

அந்த மார்கழியில் பல்லவராயன் என்ற முதலை பக்கத்திலேயே ஒரு துறை திறந்தான். கரையோர மருதமரத்தில் அவன் பலகை தொங்கியது.

"மின்னல் பயணம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை! கூலி கிடையாது. நான் இப்போது சுத்த சைவம்."

ஓடையப்பன் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "முதலை முதுகில் எவன் ஏறுவான்?"

மதியத்துக்குள் முதலைத் துறையில் வரிசை வளைந்து நின்றது. ஆமைத் துறையில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் நீந்தத் தெரியும். சும்மா வெயில் காய வந்திருந்தது.

பல்லவராயன் வேகமாகத்தான் போனான். ஆனால் ஏழு பேர் ஏறினால் ஆறு பேர்தான் அக்கரையில் இறங்கினார்கள். கேட்டால், "அவர் வழியில் இறங்கிக்கொண்டார்" என்றான். ஆற்றின் நடுவில் எங்கே இறங்குவது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. அக்கரையில் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஓடையப்பன் தன் காலித் துறையைப் பார்த்தார். தானும் ஒரு பலகை வைப்பது என்று முடிவு செய்தார். மூன்று நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் தானே எழுதினார். மொத்தம் நாற்பத்திரண்டு வரி வந்தது.

"பெருமதிப்பிற்குரிய வனவாசிகளுக்கு வணக்கம். எமது பாட்டனார் பெருங்கல்லணையார் இத்துறையை நிறுவிய காலந்தொட்டு..." என்று அது தொடங்கியது. பத்தாவது வரியில் பாட்டனார் காலமானார். அதற்குப் பிறகு ஓட்டின் வர்ணனை. பதின்மூன்று தகடுகள், அவற்றின் கெட்டித்தன்மை, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத உறுதி.

ஓர் அணில் நாலாவது வரியிலேயே தூங்கிவிட்டது. ஓர் எலி மட்டும் கடைசிவரை படித்துவிட்டு மரியாதையாக அருகில் வந்தது.

"ஐயா, ஓடு என்ன விலை? மழைக்கு முன்னால் வளைக்கு மேலே போடலாம் என்று பார்க்கிறேன்."

"நான் ஓடு விற்கவில்லை" என்றார் ஓடையப்பன்.

"பிறகு எதற்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு எலி முதலைத் துறைப் பக்கம் நடந்தது.

அன்று சாயங்காலம் துத்தி என்ற முயல் வந்தாள். பல வருஷமாக ஓடையப்பன் முதுகில் போய்வருபவள். இப்போது நாலு குட்டிகளுக்குத் தாய்.

"அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். நாளை மறுநாள் பிள்ளைகளோடு அந்தப் பக்கம்தான் ஏறப்போகிறேன். சொல்லாமல் போகக்கூடாது என்று வந்தேன்."

"என் பலகையைப் படிக்கவில்லையா, தங்கச்சி?"

"படித்தேன் அண்ணே. உங்கள் ஓட்டில் பதின்மூன்று தகடு என்று தெரிந்தது. அதனால் என் பிள்ளைகளுக்கு என்ன?"

துத்தி போனபின் ஓடையப்பன் அந்த நாலு குட்டிகளின் நினைவாகவே இருந்தார். ஏழுக்கு ஆறு என்ற கணக்கு அவரை அரித்தது. தானே வாய்விட்டுச் சொன்னால் போட்டிப் பொறாமை என்பார்கள். விடிந்ததும் சேற்றில் இறங்கி நடந்தார்.

ஆற்றின் வளைவில் பவளக்காலி என்ற உள்ளான் குருவி இரை தேடிக்கொண்டிருந்தாள். நீண்ட சிவப்புக் கால்கள். வடக்கே ஏதோ ஏரியிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தவள். ஊர் ஊராகப் பறந்து, விற்கிறவர்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு.

"எழுத ஆள் வேண்டும்" என்றார் ஓடையப்பன். உடனே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆனால் ஒன்று. நேற்று வந்தவள் நீ. என் ஆற்றையும் என் ஓட்டையும் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. அதனால் நாலு பேரிடம் கேட்பேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் யாரிடமும் கேட்கவில்லை" என்றாள் பவளக்காலி. "உங்கள் கரைச் சேற்றில் ஒரு மாதம் புழு பொறுக்க விடுங்கள். அதுதான் கூலி."

ஓடையப்பன் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

அன்று பகல் முழுக்க அவள் எலிகளோடும் அணில்களோடும் முயல்களோடும் பேசினாள். ஓடையப்பனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டனாரைப் பற்றிச் சொல்லத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு முகம் வாடிவிட்டது. பொழுது சாயும்போதுதான் வந்தாள்.

"ஒரே கேள்வி. இந்த அறுபது வருஷத்தில் உங்கள் முதுகிலிருந்து எத்தனை பேர் தண்ணீரில் விழுந்து போனார்கள்?"

"ஒருத்தரும் இல்லை. இது ஒரு கேள்வியா? ஏற்றினால் இறக்கிவிட வேண்டாமா? அதற்குப் பெயர்தானே தொழில்?"

"பாட்டனாரை எழுதினீர்கள். இதை ஏன் எழுதவில்லை?"

"இதையெல்லாமா எழுதுவார்கள்?"

பவளக்காலி புதுப் பலகையை எடுத்து அலகால் கொத்தத் தொடங்கினாள். சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"ஏறியவர் எல்லாரும் இறங்கினார்கள்."

ஓடையப்பன் பலகையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "மூன்று வார்த்தைதானா? இதற்கா ஒரு மாதப் புழு?"

"வார்த்தைக்குப் பத்து நாள்" என்றாள் அவள்.

மறுநாள் காலை, துத்தி நாலு குட்டிகளோடு முதலைத் துறை வரிசையில் நின்றாள். பக்கத்து ஆமைத் துறையில் இருந்த புதுப் பலகை கண்ணில் பட்டது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு முன்னால் நின்ற அணிலிடம் கேட்டாள்.

"நேற்று உங்களோடு எத்தனை பேர் ஏறினார்கள்?"

"ஏழு பேர்."

"இறங்கினது?"

அணில் விரல் மடக்கத் தொடங்கியது. ஆறாவது விரலில் நின்றது. அதன் வால் மெல்லச் சிலிர்த்தது.

வரிசை அப்படியே திரும்பியது. முதலில் துத்தி, பின்னால் அணில், அதன் பின்னால் ஓடு கேட்ட எலி. எல்லாரும் ஆமைத் துறையில் போய் நின்றார்கள்.

"நான் சைவம்!" என்று பல்லவராயன் கத்தினான். அவன் பல்லிடுக்கில் ஒரு சாம்பல் நிற மயிர் ஆடிக்கொண்டிருந்தது.

ஓடையப்பன் துத்தியையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு எப்போதும்போல மெதுவாக நீந்தினார். அக்கரையில் நான்கும் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கின. அறுபது வருஷத்தில் முதல்முறையாக அவர் கழுத்தைத் திருப்பி, இறங்குகிறவர்களைப் பார்த்தார். நாம் செய்வது சின்ன வேலை இல்லைபோலும் என்று அவருக்கே அப்போதுதான் தோன்றியது.

பல்லவராயன் சும்மா இருக்கவில்லை. பவளக்காலியிடம் போனான். "எனக்கும் அதே மாதிரி எழுதிக்கொடு. இரண்டு மாதப் புழு தருகிறேன்."

அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டாள். "இருப்பதைத்தான் நான் எடுத்துச் சொல்ல முடியும். இல்லாததை எழுத என்னால் ஆகாது."

"பெரிய எழுத்துக்காரி! மூன்று வார்த்தை எனக்கு எழுத வராதா?" என்று உறுமிவிட்டு, அவனே உட்கார்ந்து எழுதினான். அவளுடைய வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று ஒரு வார்த்தையை மட்டும் கவனமாக மாற்றினான்.

"ஏறியவர் அநேகர் இறங்கினார்கள்."

அதன் பிறகு அந்தப் பக்கம் தவளைகூடப் போகவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது. ஆகவே நல்ல சரக்கு வைத்திருப்பவன், அதன் சிறப்பை ஊருக்குச் சொல்ல வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைப்பதே அறிவு.